காவல் சோறு

கோமதிநாயகம் ஒரு பெரிய பண்ணையின் நெற்களஞ்சியத்தை முப்பது வருஷம் கட்டிக் காத்தவர். வயதாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது வீட்டில் ஆளில்லை. மனைவி முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள், பிள்ளைகள் கிடையாது. சத்தம் என்று இருந்தது எலிச் சத்தம் மட்டும்தான், நெல் குதிருக்குப் பின்னால்.

வாரம் ஒருமுறை ஆற்றைக் கடந்து வடிவம்மையின் குடிலுக்குப் போவார். வடிவம்மை அவருக்குக் குரு. அவரைவிட இருபத்திரண்டு வயது இளையவர். நரைத்த தலை கருத்த தலைக்கு முன்னால் குனிகிறதே என்று படித்துறையில் கேலி பேசுவார்கள். நரைதான் ஞானம் என்றால் கொக்கிடமல்லவா போய்ப் பாடம் கேட்க வேண்டும்? கோமதிநாயகம் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அங்கே போனால் "வாங்க ஐயா" என்று ஒரு குரல் இருந்தது. மற்ற ஆறு நாளும் அந்தக் குரல்கூட இல்லை.

எலித் தொல்லை தாங்காமல் ஒருநாள் சந்தையிலிருந்து ஒரு செவலை நாயைப் பிடித்து வந்தார். களஞ்சியத்தில் காவல்காரனுக்குச் சோறு காவல் இடத்துக்கே வரும். சாப்பிட எழுந்து போனேன், அதற்குள் மூட்டை போய்விட்டது என்று எவனும் சொல்லக் கூடாது. அதே வழக்கப்படி நாயைக் குதிரோரம் கட்டினார். சோற்றுச் சட்டியையும் அங்கேயே வைத்தார், தளும்பத் தளும்ப. வயிறு காய்ந்த காவல் உதவாது.

ஒரு மாதம் போயிற்று. நாய் குரைத்தது. பொந்து வாசலைத் தோண்டியது. ஒரே ஒரு எலியைப் பிடித்து, அதையும் அவர் முன்னால் போட்டு வாலாட்டியது. மற்ற நேரமெல்லாம் கயிறு எட்டுகிற மட்டும் அவர் படுக்கைப் பக்கமாக வந்து சுருண்டு கிடந்தது. எலிகளோ பெருகின. பெருகியதோடு கொழுத்தும் போயின.

அவர் குருவிடம் போய் நின்றார்.

"வீட்டு நாய் எலியை ஒழிக்குமா, ஒழிக்காதா? ஒரே பதிலாச் சொல்லுங்கம்மா."

"சில நாய் துரத்தும். துரத்துறது வேற, ஒழிக்கிறது வேற."

"அப்ப இது எதுக்கு? வர்ற சந்தையில விட்டுட்டு வந்திடுறேன்."

"பேரென்ன அதுக்கு?"

"காவல்."

"அது வேலை ஐயா. நான் பேரைக் கேட்டேன்."

பேர் வைக்கவில்லை. களஞ்சியத்தில் யாரையும் பேர் சொல்லி அழைத்ததில்லை என்று வாதாடினார். அளவுகாரன், தூற்றுகாரி, காவல், அவ்வளவுதான். வேலைக்கு ஆகாதவரை அன்றைக்கே அனுப்பிவிடுவாராம். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தியை வாசலோடு திருப்பி அனுப்பியதையும் பெருமையாகத்தான் சொன்னார். அவள் குழந்தைக்கு அன்று யார் கஞ்சி ஊற்றினார்களோ, அதை அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை.

வடிவம்மை எழுந்து அவரோடு ஆற்றைக் கடந்தார்.

அந்த வீட்டுக்குள் இன்னொரு மனிதர் கால் வைத்து எத்தனை நாளாயிற்று என்று கோமதிநாயகத்துக்கே நினைவில்லை. இருந்த ஒரே பாயை இரண்டு முறை உதறிப் போட்டார். வடிவம்மை உட்காரவில்லை. நேரே குதிரோரம் போய்ச் சட்டியின் முன்னால் குனிந்தார்.

"இந்தச் சோறு யாருக்கு?"

"காவலுக்கு."

"காவல் தின்னது போக மிச்சம்?"

அவர் அப்போதுதான் பார்த்தார். சட்டியைச் சுற்றி எலிப்புழுக்கை. காய்ந்த சோற்றின் மேல் பொடிப்பொடிக் கால்தடங்கள். களஞ்சியத்துக் காவல்காரர்கள் சட்டியை வழித்துத் தின்றவர்கள். ஆகவே முப்பது வருஷத்தில் மிச்சம் என்ற ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

ஓட்டுச்சில்லும் சுண்ணாம்பும் கொண்டுவரச் சொன்னார் வடிவம்மை. இருவருமாகப் பொந்துகளை அடைத்தார்கள். குதிருக்கு இறுக்கமான மூடி போட்டார்கள். நாய்க்கு இனி வாசலில் சோறு. தின்று முடித்ததும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். போகும்போது வடிவம்மை நாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போனார்.

பத்து நாளில் எலிச் சத்தம் நின்றுபோனது. பதினோராம் நாள் கோமதிநாயகம் ஆற்றைக் கடந்தார். நாயும் முழங்கால் தண்ணீரில் அவர் பின்னாலேயே வந்தது.

வடிவம்மை குடில் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாய் உடம்பை உதறி அந்தக் கீரை மேலெல்லாம் தண்ணீர் தெளித்தது.

"எலி போயாச்சும்மா," என்றார் கோமதிநாயகம். அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை. "ஒண்ணுகூட இல்லை. வீடு அப்படியே அடங்கிப்போய்க் கிடக்கு."

"நல்லது."

"அப்ப இந்த நாய்க்கு இனி வேலையும் இல்லை. நாளைக்குச் சந்தை. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா விட்டுட்டு வந்திடுறேன்."

வடிவம்மை அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கோமதிநாயகம் விடவில்லை. பிரயோஜனம் இல்லாத ஒன்றைச் சும்மா வைத்துச் சோறு போடுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். அது களஞ்சியமானாலும் சரி, வீடானாலும் சரி என்றார். சொல்லச் சொல்ல அவர் குரல் உயர்ந்தது. நாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது குடிலின் கூரைக்குள் ஏதோ குறுக்கே ஓடியது. கீச்சென்று ஒரு சத்தம்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "இங்கேயும் எலியா?"

"எப்பவும் உண்டு," என்றார் வடிவம்மை. ஆய்ந்த கீரையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு அவரைப் பார்த்தார். "நாலு வருஷமா வர்றீங்களே ஐயா. ஒண்ணாவது பிடிச்சுக் குடுத்திருக்கீங்களா?"

கோமதிநாயகம் குனிந்து நாயின் ஈரத் தலையில் கை வைத்தார்.