சுவரோடு போன மாட்டுப் படம்

குப்பாண்டிபுதூரில் முட்டாள்கள் யாரும் கிடையாது. இதை அந்த ஊரார் கூட்டம் கூட்டி, கை தூக்கித் தீர்மானமாகவே போட்டிருக்கிறார்கள். கையைக் கீழே போடும்படி யாரும் சொல்லாததால் பொழுது சாயும்வரை தூக்கியபடியே நின்றார்கள் என்பது வேறு விஷயம். நான் பக்கத்து ஊர்க்காரன். அந்தத் தீர்மானத்தை மதிக்கிறவன். ஆனாலும் நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு செரிக்காது.

அந்த ஊரில் சென்னியப்பன் என்று ஒருவர். மாட்டுப் பொங்கலுக்கு ஊர் மாடுகளின் கொம்புக்கெல்லாம் வர்ணம் அடிப்பது அவர்தான். மிச்சப்படும் வர்ணத்தை வைத்துப் பலகையில் படம் வரைவார். எத்தனை படம் வரைந்தாலும் வரைவது ஒன்றைத்தான், அவருடைய பசு செவலையை. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வரைவார். யார் வந்தாலும் போனாலும் எனக்கென்ன என்று அது பார்க்கும் பார்வையை அப்படியே பிடித்துவிடுவார்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. டவுன் சமுதாயக் கூடத்தில் வருஷா வருஷம் ஓவியக் கண்காட்சி நடக்கும். நடுவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்த படங்களைத்தான் சுவரில் மாட்டுவார்கள். அந்தச் சுவரில் தன் படம் ஒரு நாளாவது தொங்க வேண்டும் என்று மனுஷன் ஏங்கிப்போய் இருந்தார்.

மூன்று வருஷம் முயன்றும் நடக்கவில்லை. முதல் வருஷம் விண்ணப்பத்தில், "ஈரமான படங்கள் ஏற்கப்பட மாட்டா" என்று இருந்தது. ஊரார் சேர்ந்து படத்தை நெற்களத்தில் பதினைந்து நாள் சித்திரை வெயிலில் காயப்போட்டார்கள். வர்ணமெல்லாம் உதிர்ந்து, பலகை மட்டும் நன்றாகக் காய்ந்தது.

இரண்டாம் வருஷம், "சேதமாகாதபடி பத்திரமாகக் கட்டிக் கொண்டுவரவும்" என்று இருந்தது. கட்டினார்கள். அந்தக் கட்டை இன்றுவரை யாராலும் பிரிக்க முடியவில்லை. மூன்றாம் வருஷம் கடைசி நாளன்று சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் கடைசி நாள் என்றால் கடைசியாகக் கொடுப்பதுதானே மரியாதை என்று பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு நின்றார்கள். எல்லோரும் கொடுத்து முடித்ததும் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள்.

நாலாம் வருஷம் சென்னியப்பன் ஊர் நடுவில் நின்று சபதம் போட்டார். "இந்தத் தடவையும் என்ற படம் தொங்கலீன்னா தூரிகையைத் தூக்கி அடுப்புல போட்டுருவேன். பொங்கலுக்கு ஒரு கொம்புக்கும் வர்ணம் அடிக்க மாட்டேன், பாத்துக்கோங்க!"

ஊரே ஆடிப்போய்விட்டது. கொம்பில் வர்ணம் இல்லாவிட்டால் பொங்கல் வந்ததென்று மாடுகளுக்கு எப்படித் தெரியும்? உடனே மூன்று பேர் அவருக்குத் துணையாகக் கிளம்பினார்கள். ஒருவர் நாச்சிமுத்துக் கவுண்டர். ஊரில் மூக்குக் கண்ணாடி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான் என்பதால் படிக்கிற வேலை எல்லாம் அவருக்கே. இன்னொருவர் தையல்கார மாராத்தாள். அளவென்றால் அவள்தான். மூன்றாமவன் டிராக்டர் ஓட்டும் கருப்பணன். அவன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

நாச்சிமுத்துக் கவுண்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு விண்ணப்பத்தைப் படித்தார். "ஒண்ணாவது. படைப்பு முழுக்க விண்ணப்பதாரரின் சொந்தக் கைவண்ணமாக இருக்கோணும். உதவியவர் யாரேனும் இருந்தா அவர் பேரையும் சேர்த்து எழுதோணும். ஏம்பா சென்னியப்பா, ஆராச்சும் உதவுனாங்களா?"

"ஆரும் இல்லீங்க. நானும் தூரிகையும்தானுங்க."

"தூரிகை ஏது?"

"செவலையோட வால் மயிருல கட்டுனதுங்க."

கவுண்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அப்ப வால் ஆருது?"

"செவலையுதுங்க."

"நீ வாலைப் புடிச்சு ஆட்டியிருக்கறே. வரைஞ்சது மாடு. உன்னை மட்டும் எழுதுனா அது பொய்க் கையெழுத்தாப் போயிருமப்பா."

சென்னியப்பன் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. விண்ணப்பத்தில் கலைஞர் பெயர் என்ற இடத்தில் "சென்னியப்பன், செவலை" என்று எழுதினார்கள். வயது ஐம்பத்திரண்டு, ஆறு. கையெழுத்துக்குச் செவலையின் முன்னங்காலை மையில் தோய்த்து வைத்தார்கள். தாளில் பாதி நிறைந்துவிட்டது.

"ரண்டாவது," என்றார் கவுண்டர். "படம் சுவரில் மாட்டத் தயாரான நிலையில் கொண்டுவரப்பட வேண்டும்."

நாலு பேரும் சென்னியப்பன் வீட்டுக்குள் போய்ப் பார்த்தார்கள். படம் சமையலறைச் சுவரில் ஆணியில் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"தயாராத்தான் இருக்குதுங்க," என்றான் கருப்பணன்.

"இப்ப இருக்குது," என்றாள் மாராத்தாள். "கழட்டிட்டா?"

கழற்றிவிட்டால் அது மாட்டாத படம். மாட்டாத படம் எப்படி மாட்டத் தயாரான படமாகும்? டவுனில் போய் நின்றதும் தொங்கமாட்டேன் என்று அது சண்டித்தனம் செய்தால் யார் பொறுப்பு? வெகு நேரம் வாதம் நடந்தது. கடைசியில் கவுண்டர்தான் முடிவு சொன்னார். "கழட்டாமக் கொண்டு போறதுதான் பத்திரம்."

அதன்பிறகுதான் கருப்பணன் எதற்கு என்பது எல்லோருக்கும் புரிந்தது.

கடப்பாரையால் படத்தைச் சுற்றிச் சுவரைச் சதுரமாகப் பெயர்த்தார்கள். மண்சுவர்தான், அடியில் பனஞ்சட்டம் கொடுத்ததும் ஒரே துண்டாக வந்துவிட்டது. அதை டிராக்டரில் நிமிர்த்தி வைத்துக் கயிறு போட்டார்கள். படம் ஆணியை விட்டு அசையவில்லை.

"மூணாவது, படத்தின் பின்பக்கம் பெயர், ஊர் எழுதோணும்." சுவரின் பின்பக்கம் போனார்கள். அங்கே சென்னியப்பனின் மனைவி பொன்னாத்தாள் தட்டிவைத்த வரட்டி பதினொன்று காய்ந்துகொண்டிருந்தது. வரட்டிகளுக்கு நடுவே சுண்ணாம்பில் பெரிதாக எழுதினார்கள்.

"நாலாவது, அளவு நாலடிக்கு மேல் போகக் கூடாது." படம் மூன்றடிதான். ஆனால் சுவர் ஐந்தடி இருந்தது. சென்னியப்பனுக்கு முகம் வாடிவிட்டது. மாராத்தாள் சிரித்தாள். அவளிடம் பாவாடைக்குப் போடும் எலாஸ்டிக் நாடாவில் அடிக்கணக்குக் குறித்து வைத்த டேப் ஒன்று இருந்தது. இந்தக் கடைசியில் கருப்பணன், அந்தக் கடைசியில் அவள், இரண்டு பேரும் பல்லைக் கடித்து இழுத்தார்கள். சரியாக நாலடி. ஊர்ப் பெண்களின் ரவிக்கை எதுவும் இதுவரை யாருக்கும் பத்தியதில்லை என்பதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த நேரத்தில் தோட்டத்திலிருந்து பொன்னாத்தாள் வந்தாள். சமையலறையில் நின்றபடியே சாலை தெரிந்தது. சாலையில் டிராக்டர் தெரிந்தது. டிராக்டரில் அவள் வீட்டுச் சுவர் தெரிந்தது.

"ஏனுங் மாமா, என்ன அநியாயமுங் இது? இன்னிக்குச் சாயங்காலம் செவுரோட வந்தாத்தான் உங்களுக்குச் சோறு. செவுரு இல்லாம இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுத்துராதீங்க!"

"சரி புள்ளே," என்றார் சென்னியப்பன். பெண்டாட்டி சொல்லைத் தட்டாதவர்.

டிராக்டர் முன்னால் போக, இணைக் கலைஞரான செவலை பின்னால் நடந்து வந்தது. விண்ணப்பத்தை நேரில்தான் ஒப்படைக்க வேண்டுமாம்.

சமுதாயக் கூடத்து வாசலில் தலைமை நடுவர் தெய்வநாயகி அம்மாள் நின்றிருந்தார். ஓவிய ஆசிரியையாக முப்பது வருஷம் இருந்தவர். பிள்ளைகள் எதை வரைந்துகொண்டு வந்தாலும் முகம் மாறாமல் பார்த்துப் பழகியவர். அவர் சுவரைப் பார்த்தார். வரட்டியைப் பார்த்தார். விண்ணப்பத்தில் குளம்பைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"படம் ரொம்ப நல்லா இருக்குங்க," என்றார். "எடுத்துக்கறோம். கழட்டிக் குடுங்க, உள்ளே மாட்டச் சொல்றேன்."

சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கவுண்டர் குறுக்கே வந்தார். "அம்மிணி, கழட்டுனா ரண்டாவது விதி போயிருமுங்க."

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க."

"ஆகாதுன்னு விதியில எழுதலீங்களே."

அம்மாள் நெற்றியைத் தடவிக்கொண்டார். அன்று மட்டும் அவர் எண்பத்திரண்டு படம் பார்த்து, பரிசையும் தீர்மானித்து முடித்திருந்தார். "எப்படியாவது உள்ளே மாட்டிடுங்க. நாங்க சாப்பிட்டுட்டு வந்துடறோம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எப்படியாவது என்ற வார்த்தையை அந்த ஊர்க்காரர்களிடம் யாரும் சொல்லக் கூடாது.

சுவர் வாசலுக்குள் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், படுக்கவைக்கப் பயந்தார்கள். உள்ளே போகாவிட்டால் படம் தொங்கியதாகக் கணக்கில்லை. சென்னியப்பன் வாசற்படியில் உட்கார்ந்து, மடியிலிருந்த தூரிகையை எடுத்து ஒரு தடவை தடவிக்கொடுத்தார்.

அப்போது மாராத்தாள் கூடத்தின் சுவரைத் தட்டிப் பார்த்தாள். பழைய கட்டடம், அதுவும் மண்சுவர்தான்.

"ஏனுங்ணா," என்றாள், "செவுத்தை உள்ள கொண்டு போனாத்தானே வாசல் வேணும்? செவுத்துலயே வெச்சுட்டா?"

கடப்பாரை கையோடுதான் இருந்தது. எலாஸ்டிக் டேப்பால் அளந்து பெயர்த்ததில் என்ன அதிசயமோ, தெய்வ சங்கற்பமோ, துண்டு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இடுக்குக்குச் சாணியும் மண்ணும் குழைத்து அப்பினார்கள். சாணி கொடுத்தது இணைக் கலைஞர். உள்பக்கம் படம் தொங்கியது. வெளிப்பக்கம் பதினொரு வரட்டியும் பெயரும் தெருவைப் பார்த்து நின்றன.

கூடத்தின் சுவரில் பெயர்த்த துண்டு மிச்சம் இருந்தது.

"சாயங்காலம் செவுரோட வரச் சொல்லியிருக்குறா," என்றார் சென்னியப்பன். அதைத் தூக்கி டிராக்டரில் ஏற்றினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை ஓட்டையில் வைத்துப் பூசினார்கள். பொன்னாத்தாள் சோறு போட்டாள்.

சாப்பிட்டு முடித்தபிறகுதான் அவள் கேட்டாள். "ஏனுங் மாமா, மாடு போயி மயில் வந்திருக்குதே?"

புதிய சுவரில் ஒரு மயில் படம் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நீல நாடாவில் "முதல் பரிசு" என்று எழுதியிருந்தது. டவுனில் ஒரு வங்கி மேலாளரின் மனைவி சுகந்தி வரைந்தது.

சென்னியப்பன் பதறிப்போய்க் கவுண்டரிடம் ஓடினார். கவுண்டர் கண்ணாடியை மாட்டினார். "அஞ்சாவது. கண்காட்சி முடியும்வரை எந்தப் படத்தையும் இருக்குமிடத்திலிருந்து அகற்றக் கூடாது. தொடாதப்பா. தொட்டா உன்ற படமும் செல்லாமப் போயிரும்."

ஆக, அந்த ஒரு வாரமும் முதல் பரிசுப் படத்தைப் பார்க்க விரும்பியவர்கள் பஸ் பிடித்துப் பொன்னாத்தாளின் சமையலறைக்கு வந்தார்கள். பார்வை நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து. வருகிறவர்கள் கருத்து எழுத ஒரு நோட்டும் வைத்திருந்தார்கள். மயிலைப் பற்றி மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் கொள்ளு ரசத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

சென்னியப்பனோ தினமும் டவுனுக்குப் போய், தன் படத்துக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அது தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்தார். வேறு எதையும் பார்க்கவில்லை. இத்தனை சந்தோஷமான மனுஷனை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

கடைசி நாள் வந்தது. கவுண்டர் ஆறாவது விதியைப் படித்தார். "கண்காட்சி முடிந்த அன்று மாலைக்குள் படங்கள் வீடு போய்ச் சேர்ந்தாக வேண்டும்."

கடப்பாரையோடு போய் நின்றார்கள். கூடத்து வாசலில் கொத்தனாரும் தெய்வநாயகி அம்மாளும் கைகூப்பி நின்றார்கள். "சாமிகளா, தொட்டுடாதீங்க! இதைப் பெயர்த்தா மொத்தச் சுவரும் விழுந்துடும். இந்தப் படம் எப்பவும் இங்கேயே தொங்கட்டும். நாங்க பத்திரமாப் பாத்துக்கறோம்."

எப்பவும்! ஒரு நாள் தொங்கினால் போதும் என்றிருந்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் திரும்பும் வழியெல்லாம் சென்னியப்பன் தலையைத் தூக்கவில்லை. ஆறாவது விதி மீறிப்போகிறதே. இதனால் தொங்கியதே செல்லாது என்று சொல்லிவிட்டால்?

இங்கே ஊரில், சுகந்தி அம்மாள் தன் மயிலை எடுத்துப்போக வந்திருந்தார். ஆணியிலிருந்து படத்தைக் கொஞ்சம் இழுத்தார். சாணியில் நின்ற சுவர் எத்தனை நாள் தாங்கும்? மொத்தமாகச் சரிந்து விழுந்தது. மயிலை மட்டும் தூசி தட்டி எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். சத்தம் கேட்டு, வெளியே கட்டியிருந்த செவலை ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது.

நாலு பேரும் வீட்டுக்குள் நுழைந்தார்கள். நுழைந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சமையலறைச் சுவரில், பழைய இடத்தில், பழைய உயரத்தில், யார் வந்தாலும் எனக்கென்ன என்ற அதே பார்வையோடு செவலையின் முகம்.

"வந்துருச்சுங்க!" என்று சென்னியப்பன் கத்தினார். "நமக்கு முன்னாடியே படம் ஊடு வந்து சேந்துருச்சுங்க!"

மாராத்தாள் எலாஸ்டிக் டேப்பை எடுத்து ஒரு கொம்பிலிருந்து மறுகொம்புவரை அளந்தாள். அளவு குறைவாக வந்தது. நாடாவைக் கொஞ்சம் தொய்யவிட்டாள். மூன்றடி. "நம்ம படமேதானுங்க," என்றாள்.

பொன்னாத்தாளுக்கு மட்டும் சந்தேகம். "ஏனுங், படம் அசை போடுதே?"

"ஒரு வாரம் டவுன்ல இருந்துட்டு வந்திருக்குது அம்மிணி," என்றார் கவுண்டர். "கொஞ்சம் மாறித்தான் இருக்கும்."

சென்னியப்பன் நாலடி பின்னால் நகர்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு முன்னால் போய், இரண்டு கொம்பையும் பிடித்து இடதுபக்கம் லேசாக நிமிர்த்தினார்.

"கொஞ்சம் கோணலா மாட்டிட்டாங்க," என்றார்.