கொட்டடிக்குள் பேய்

துறைமுகக் கொட்டடியிலிருந்து பட்டப்பகலிலும் முனகல் கேட்கும். கப்பலேறிப் பிழைக்க வந்தவர்களைக் காவலதிகாரி சேந்தன் அங்கேதான் அடைத்துவைத்தான். விசாரிக்க வந்த மந்திரியிடம், "எல்லாரையும் அவங்க ஊருக்கே அனுப்பியாச்சு. உள்ளே இருக்கிறது பேய். கதவைத் திறந்தா ஆளை விடாது" என்றான்.

மந்திரி இரண்டடி பின்வாங்கினார்.

துறைமுகத்தில் கஞ்சி காய்ச்சும் சிலம்பாயி, "பேயாவே இருக்கட்டும் சாமி, ஒருவாய் குடிக்கட்டும்" என்று இரும்புக் கரண்டியில் கஞ்சி மொண்டு கதவுக்கு அடியில் தள்ளினாள். உள்ளிருந்து ஏதோ அதை மெல்ல இழுத்துக்கொண்டது. முனகல் நின்றது. கொஞ்ச நேரத்தில் கரண்டி துடைத்துவிட்டாற்போல வெளியே வந்தது.

"இரும்பைக் கண்டா பேய் ஓடிப்போகும்பாங்க. இது எந்த ஊர்ப் பேய் சாமி?"

மந்திரி கதவை உடைக்கச் சொன்னார். எலும்பும் தோலுமாய் மனிதர்கள் வெளியே வந்தார்கள்.

விசாரணை அந்த வாசலிலேயே, அவர்கள் பார்க்க நடந்தது. சேந்தன் பேயறைந்தவன் மாதிரி நின்றான். அதற்கப்புறம் அந்தக் கொட்டடிக்குக் கதவே வைக்கவில்லை.