ஏழு குழிப் பணியாரத்தார்

வேலம்பூண்டிக் கொன்றையடி அம்மன் கோயில் மடைப்பள்ளியில் பணியாரம் சுட்டு வந்தவர் சோலையப்பர். அடுப்பு மூட்டும்போது அம்மன் பெயரைச் சொல்வார், மாவு ஊற்றும்போதும் சொல்வார். கை சுட்டுக்கொண்டால் இன்னும் உரக்கச் சொல்வார். அவர் அறிந்த பூசை அவ்வளவுதான்.

களையெடுக்கப் போகும் பெண்கள் தங்கள் குழந்தைகள் ஏழு பேரையும் அவரிடம் விட்டுச் செல்வார்கள். விரிசல் கண்ட பழைய பணியாரச் சட்டியை நடுவில் வைத்து, "குழிக்கு ஒரு புளியங்கொட்டை போடுங்க, கண்ணுகளா" என்பார். ஏழு குழியும் நிறைந்தால் ஓர் ஈடு. குழந்தைகள் கூத்தும் கும்மாளமுமாகக் கணக்குக் கற்றார்கள். கற்றுக்கொடுத்தவருக்கோ ஏழுக்கு மேல் எண்ணத் தெரியாது.

கோயில் மணியம் அம்பலவாணர் ஒருநாள் எல்லார் முன்னும் கேட்டார்: "ஏழுக்கு அப்புறம் என்னய்யா?"

"அடுத்த ஈடுங்க."

கூட்டம் சிரித்தது. தம்மைக் கேலி செய்கிறார் என்று நினைத்த மணியத்துக்குச் சுருக்கென்றது. "ஆடி வெள்ளிப் படையல் ஐம்பது. ஒண்ணு குறைஞ்சாலும் நீயும் உன் பட்டாளமும் வெளியே!"

அம்மனை விட்டு எங்கே போவது? சோலையப்பர் கலங்கிப் போனார். பூசாரி இரக்கப்பட்டு ஐம்பது புளியங்கொட்டைகளை எண்ணிக் கொடுத்தார். குழந்தைகள் சட்டியில் போட்டுப் பார்த்தார்கள். ஏழு முறை நிறைந்து ஒன்று மிஞ்சியது.

வெள்ளியன்று ஈட்டுக்கு ஒரு குழந்தை காவல் நின்றது. ஏழு ஈடும் முடிந்ததும், கடைசி மாவை வழித்து மிஞ்சிய ஒற்றைப் பணியாரத்தையும் சோலையப்பர் சுட்டு எடுத்தார். அப்போது சிவப்புப் பாவாடை கட்டிய புதுச் சிறுமி ஒருத்தி வந்து கை நீட்டினாள்.

"பொறுத்துக்க தாயி, அம்மன் சாப்பிடட்டும்."

"இப்பவே பசிக்குது."

உதடு பிதுங்கியது. சோலையப்பர் கன்னத்தில் போட்டுக்கொண்டு கொடுத்துவிட்டார். சிறுமி ஊதி ஊதிக் கடித்தபடி கருவறைப் பக்கம் ஓடினாள்.

மணியம் மூன்று முறை எண்ணினார். நாற்பத்தொன்பது. "படையலை எச்சில் பண்ணிட்டியே! யாருய்யா தின்னது?"

ஏழு குழந்தைகளும் கருவறையைக் காட்டினார்கள். உள்ளேயிருந்து பூசாரி தடுமாறி வந்தார். "ஐயா, அம்மன் வாயில வெல்லம் ஒட்டியிருக்கு!"

பின்னாலேயே ஒரு குரல் கேட்டது. "சோலையப்பன் கணக்கு சரிதான். ஒண்ணை நான் சூடா வாங்கிக்கிட்டேன். மிச்சத்தை ஆறுறதுக்குள்ள கொண்டா!"

மணியம் சோலையப்பர் காலில் விழுந்தார். பதறிய சோலையப்பர் மணியத்தின் காலில் விழுந்தார். புது விளையாட்டாக்கும் என்று ஏழு குழந்தைகளும் தொப்தொப்பென்று விழுந்தன.

கோயிலையே இழக்க நேரும் என்று தெரிந்தும், பசித்த பிள்ளைக்கு இல்லையென்று சொல்ல மாட்டாத அந்த அன்பரின் பாதம் வாழ்க.