நாண் தேடிய தலை

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசும் என்று எல்லோரும் சொல்வார்கள். செத்த பிறகும் பேசும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். குழந்தைகள் பயந்துகொள்ளும் என்று நினைப்பு. குழந்தைகள் எங்கே பயப்படுகின்றன? பெரியவர்களுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்காது.

மேற்கு மலையில் கூகைமுடி என்று ஓர் ஊர். பதினேழு குடிசை, பதினேழு வில்லாளிகள். ஆளுக்கு ஒரு கண்தான். ஊர் மூப்பனுக்கு அதுவும் கிடையாது. அந்த ஊரில் பெண் கேட்டு வருகிறவனிடம் குலம் விசாரிக்க மாட்டார்கள், எந்தப் பக்கம் போச்சு என்றுதான் விசாரிப்பார்கள். சாப்பிடும்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவன் தட்டிலிருந்து கறியை எடுக்கலாம் என்று பெண்ணுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டுமே.

எல்லாம் வில் செய்த வேலை. தடசு மரத்தின் கிளையைச் சீவி, இரண்டு நுனியிலும் பள்ளம் வெட்டி, கொன்ற மிருகத்தின் முதுகு நரம்பை முறுக்கி நாணாக மாட்டுவார்கள். ஏழெட்டு நாள் வில் நன்றாக இருக்கும். அதற்குள் நாண் நுனி மரத்தை அறுத்து அறுத்து உள்ளே இறங்கிவிடும். பிறகு ஒருநாள் முழுவீச்சில் இழுக்கும்போது நுனி பிளந்து மரச்சிம்பு கண்ணில் தெறிக்கும். இழுத்தவன் முகத்தை வேறு எங்கே வைத்துக்கொள்வான்? மரத்தை மாற்றிப் பார்த்தார்கள், மெழுகு தடவினார்கள், நுனியில் தோல் சுற்றினார்கள். நாண் எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு உள்ளே போயிற்று.

அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கொன்ற மிருகத்தின் தலை ஊருக்குள் வரக் கூடாது. தன் கறி எந்த அடுப்பில் வேகிறது என்று அது பார்த்து வைத்துக்கொள்ளும் என்பது மூப்பனின் சட்டம். ஆகவே தலையைக் கழுத்தோடு வெட்டி, ஊருக்கு வெளியே தலைப்பாறை என்ற இடத்தில், முகம் காட்டைப் பார்க்கும்படி வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடுவார்கள். கறி வயிற்றுக்கு, தோல் பாய்க்கு, நரம்பு வில்லுக்கு. தலை மட்டும் பாறைக்கு.

கூரன் என்பவன் அந்த ஊரில் கெட்டிக்கார வில்லாளி. இடது கண் இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. அவன் மனைவி சிட்டாளுக்கு அப்போது நிறைமாதம். பிறக்கப் போகிற பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அதற்குப் பிறகு வலது கண் போனாலும் பரவாயில்லை என்று கூரன் வில்லைச் சுவரில் மாட்டிவிட்டான். கடைசியாகக் கொன்ற காட்டெருமையின் நரம்பை நாணாகக் கட்டிய வில் அது. ஆனால் அந்த வருஷம் மழை ஏமாற்றியது. கிழங்கு தீர்ந்தது, எருமைக் கறியும் தீர்ந்தது. சிட்டாள் மூன்று நாளாகக் கிழங்குத் தோலை வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தாள். வில்லை எடுத்தால் கண் போகும். எடுக்காவிட்டால் பார்ப்பதற்குப் பிள்ளையே இருக்காது.

நல்ல உச்சிவெயில். ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. சுவரில் தொங்கிய வில்லிலிருந்து க்ர்ர் க்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. எலி பலகையைச் சுரண்டுகிற மாதிரி. யாரும் தொடவில்லை. நாண் தானாக நெளிந்து நெளிந்து மரத்தை அறுத்துக்கொண்டிருந்தது. நுனியிலிருந்து மரத்தூள் மெல்ல உதிர்ந்தது.

சிட்டாள் கிழங்குத் தோலை மென்றபடியே சொன்னாள்: "மச்சான், அது காலையிலேருந்து உன்னைத்தான் ஏதோ கேக்குது. பதில் சொல்லாம உக்காந்திருந்தா மரியாதையா?"

கூரன் எழுந்து போய் நாணில் காதை வைத்தான். உள்ளே, வெகு தூரத்திலிருந்து வருவதுபோல் ஒரு குரல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

"என் தலை எங்கே?"

நாண்கூடப் பேசுமா என்று கேட்டான் கூரன். செத்தவனுக்கு வேறென்ன வேலை என்றது நாண். பிறகு பொறுமையாகவே விளக்கியது. முதுகிலிருந்து உரித்தாய், முறுக்கினாய், நீட்டிக் கட்டினாய். நரம்பு என்றால் ஒரு முனையில் தலை இருக்க வேண்டும். இங்கே இரண்டு முனையிலும் மரம்தான் இருக்கிறது. உள்ளே எங்காவது தலை புதைந்திருக்கும் என்று தோண்டுகிறேன்.

"மரத்தைத் தோண்டினா தலை எப்படிக் கிடைக்கும்?" என்றான் கூரன்.

"மரத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு முகம் இருக்கிறதே. அது என்னுடையதுதானா என்று பார்க்கத்தான் ஒவ்வொரு தடவையும் பிளக்கிறேன்."

கூரன் தன் இடது கண் இருந்த குழியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஊரிலே பதினேழு வில், பதினேழு நாண், எல்லாம் இதே தேடல்தான் போலிருக்கிறது. வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு தலைப்பாறைக்குப் புறப்பட்டான். மூப்பனின் சட்டத்தை மீறுகிறாயே என்று சிட்டாள் தடுப்பாள் என எதிர்பார்த்தான். அவளோ, போகிறதுதான் போகிறாய், வரும்போது திங்க ஏதாவது கொண்டு வா என்றாள்.

தலைப்பாறையில் நூறு தலைகளுக்கு மேல் கிடந்தன. எல்லாவற்றையும் காட்டைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் போவார்கள். அன்றைக்கு எல்லாத் தலைகளும் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தன் கறி வெந்த குடிசையை நேராக. கூரனின் குடிசையைப் பார்த்துக்கொண்டிருந்தவற்றில் காட்டெருமைத் தலை ஒன்றுதான். ஈ மொய்க்கவில்லை. கொம்புகள் மட்டும் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தன. அருகில் போகப் போக நாண் தாயைக் கண்ட கன்றுபோல் முனகியது.

"என் உடம்பு எங்கே?" என்றது தலை.

கூரன் பொய் சொல்லவில்லை. சொன்னாலும் எடுபடாது. கறி எங்கள் வயிற்றுக்குப் போயிற்று, தோல் என் பெண்டாட்டிக்குப் பாயாயிற்று, மிச்சம் இந்த நரம்புதான் என்று வில்லை நீட்டினான்.

தலை சொன்னது: என் கொம்பின் நுனிகளை அறுத்து வில்லின் இரண்டு முனையிலும் மாட்டு. நரம்பு அங்கே தூங்கட்டும், மரத்தைத் தொடாது. வேலை முடிந்ததும் நாணைக் கழற்றிவிடு, நாங்களும் களைத்துப் போவோம். அம்பு வைக்காமல் ஒருபோதும் இழுத்து விடாதே. விட்டால் வில்லையே உடைப்போம்.

"அவ்வளவுதானா?"

"எங்களுக்கு ஒரு கண் வேண்டும். தலை பாறையில் கிடக்கும், கொம்பு உன் கையில் இருக்கும். எதைக் கொண்டு பார்ப்பது?"

கூரனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எருமை எருமைதான் என்று நினைத்துக்கொண்டான். தாராளமாக எடுத்துக்கொள், என் இடது கண்ணை உனக்கே தந்தேன் என்றான். போன கண்ணைத்தானே கொடுக்கிறோம், நட்டமென்ன? தலையின் வாய் மெல்ல மூடிக்கொண்டது.

கொம்பு நுனிகளை அறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, வெந்நீரில் ஊறவைத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடிப்பக்கம் குடைந்தான். வில்லின் முனைகளைக் கூராகச் சீவி, அரக்கு வைத்து, மாட்டுக் கொம்பின் நுனியில் பித்தளைக் குப்பி போடுகிற மாதிரி அழுத்தி மாட்டினான். கொம்பின் பக்கத்தில் அரத்தால் ஒரு பள்ளம் தேய்த்து நாணை அதில் வைத்தான். சுரண்டல் நின்றது. குடிசைக்குள் பெரிய மிருகம் ஒன்று படுத்து மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அன்று சாயங்காலமே காட்டுக்குப் போனான். அம்பை வைத்து, வலது கண்ணுக்கு நேராக, காது வரைக்கும் இழுத்தான். நுனி பிளக்கவில்லை. ஆனால் அவனுடைய இடது இமை தானாக மூடிக்கொண்டது. மூடிய கண்ணுக்குள் காடு தெரிந்தது. அது அவன் பார்த்துப் பழகிய காடு அல்ல. மேய்கிற எருமைக்குத் தெரிகிற மாதிரி புல் முகத்தளவுக்கு இருந்தது. புதருக்குப் பின்னால் நின்ற கேளையாட்டு மானின் சூடு புகைபோல் எழுந்தது. அம்பு அந்தச் சூட்டின் வழியே போய்த் தைத்தது.

சிட்டாள் வயிறு நிறையத் தின்றாள். ஊரார் கூடினார்கள். இரண்டு கண்ணும் இல்லாத மூப்பன் வில்லைக் கேட்டு வாங்கி, கொம்பைத் தடவி, நாணை இழுத்துப் பார்த்தான். "தெரியுது" என்றான். அவன் கையிலிருந்து வில்லைப் பிடுங்க மூன்று பேர் வேண்டியிருந்தது. மறுநாள் மற்றப் பதினாறு பேரும் கொம்பு அறுக்கத் தலைப்பாறைக்கு ஓடினார்கள்.

நாலாம் நாள் சிட்டாளுக்குப் பெண் பிறந்தது. கூரன் பிள்ளையை ஏந்தி, வலது கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஆசை தீரப் பார்த்தான். சின்ன மூக்கு, நெற்றியில் சுருக்கம், எல்லாம் இருந்தது. ஆனால் பிள்ளை அந்தக் கண்ணைப் பார்க்கவே இல்லை. மூடியிருந்த இடது இமையையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துப் பார்த்து, தெரிந்தவர்களைக் கண்டதுபோல் சிரித்தது. கூரன் பிள்ளையைச் சட்டென்று தாயிடம் கொடுத்துவிட்டு வெளியே போனான்.

அன்று தொடங்கியதுதான். வில்லின் இரு முனையிலும் கொம்பு ஏறியது, வேலை முடிந்தால் நாணை இறக்கிவைக்கிறார்கள், அம்பில்லாமல் இழுத்து விடுவதில்லை. இரண்டு கண்ணும் நன்றாக உள்ளவன்கூட நாணை இழுத்துக் குறி பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்கிறான். நானாகத்தான் மூடுகிறேன் என்று அவன் நினைத்துக்கொள்கிறான்.