முத்துப்பேச்சி சொன்ன பாஸ்வேர்டு

சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வைரவசுந்தரத்துக்கு பேங்க் பேரில் ஒரு மெயில் வந்தது. ஒரு மணி நேரத்தில் கணக்கு முடங்குமாம். பாஸ்வேர்டைக் கொடுத்தால் தப்புமாம். நூறு பேர் சம்பளம் அந்தக் கணக்கில்தான் கிடந்தது. மனுசன் புலம்பிக்கொண்டே பாஸ்வேர்டை அடிக்கப் போனார்.

டீ கொண்டுவந்த முத்துப்பேச்சி அந்தப் புலம்பலைக் கேட்டு, “இது ஏமாத்து வேலை மாதிரி இருக்கே மொதலாளி” என்றாள்.

“கைநாட்டு நீ எனக்குச் சொல்றியா? இப்பவே நிரூபி. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத.”

“அப்ப பாஸ்வேர்டுக்குப் பதிலா என் ஆட்டுப் பேரை அடிங்க.”

‘கருவாச்சி’ என்று அடித்தார். ‘நன்றி, சரிபார்த்துவிட்டோம்’ என்று பதில் வந்தது.

“என் ஆட்டுப் பேருக்குத் திறக்குதுன்னா, அது உங்க பூட்டு இல்லையே மொதலாளி.”

பாஸ்புக்கிலிருந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டார். “நாங்க எதுவும் அனுப்பலையே” என்றார் மேனேஜர்.

சனிக்கிழமை எல்லாருக்கும் சம்பளம் வந்தது. இப்போதெல்லாம் எந்த மெயில் வந்தாலும் முதலாளி, “முத்துப்பேச்சியம்மாவைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க” என்கிறார்.