உபதேசியாருக்காக ஒரு ஏலம்

பூவாணிவிளைக்காரர்களைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. தங்கமான ஜனங்கள். என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். வம்பே அதுதான்.

அந்த ஊர்ச் சபைக்கு சுவிசேஷமுத்து உபதேசியார். ஜெபம் நடத்துவார், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார், மணியடிக்க ஆள் வராத நாளில் மணியும் அடிப்பார். மழை பொய்த்துப்போன அந்த வருஷம் காணிக்கைப் பையில் சில்லறைகூட விழவில்லை. அவருக்குச் சம்பளம் வந்து மாசக்கணக்காயிற்று. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை தயாராக இருக்கிறது என்று மச்சினன் போன் பண்ணிக்கொண்டே இருந்தான். உபதேசியாருக்கு ஊரைவிட்டுப் போக மனசே இல்லை. ஆனால் வீட்டில் அவர் மனைவி நவமணி கருப்பட்டிக் காப்பி போடுவதற்கே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மாசம் ஒரு தடவை வரும் குருவானவர் சபைக் கமிட்டியைக் கூப்பிட்டார். "என்ன செய்வீங்களோ எனக்குத் தெரியாது. உபதேசியார் ஊரைவிட்டுப் போகக் கூடாது. பிடி அரிசி எடுங்க. அறுப்புப் பண்டிகை ஏலத்தை ஜோரா நடத்துங்க" என்று சொல்லிவிட்டு பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைச் சபைக் கோயிலுக்கென்று எடுத்து வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கமிட்டித் தலைவர் அருமைநாயகத்துக்கு அதிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"பிடின்னா யாரு கைப்பிடி?"

"அவங்கவங்க கைப்பிடிதான் அண்ணாச்சி" என்றார் கமிட்டியில் இருந்த குணசீலன்.

"அது எப்படிவே நியாயமாகும்? சின்னக் கைக்காரி தப்பிச்சிருவா, பெரிய கைக்காரி ஏமாந்துருவா. ஊருக்கெல்லாம் ஒரே கைதான் இருக்கணும்."

ஊரிலேயே பெரிய கை கமிட்டியின் மூன்றாவது ஆளான தாசையாவுடையது. மறுநாளிலிருந்து அவர்தான் வீடு வீடாகப் போய்ப் பிடி அரிசி எடுத்தார். அந்தக் கை வந்து போகிறவரை யாரும் உலையில் அரிசி போடவில்லை. கடைசித் தெருவுக்கு அவர் போய்ச் சேரும்போது மேயப்போன மாடெல்லாம் தொழுவத்துக்குத் திரும்பிவிடும். பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடந்தார்கள். தாசையாவும் நடந்து நடந்து இளைத்துப்போனார். ஊருக்கு இருக்கிற ஒரே கை, அதற்குத் தெம்பு வேண்டாமா? சேர்ந்த அரிசியைப் பொங்கி அவருக்கே போட்டார்கள். உபதேசியார் வீட்டுக்கு வெறும் பானைதான் வந்தது. பாவம், நன்றாகக் கழுவித்தான் கொடுத்திருந்தார்கள்.

இனி எல்லா நம்பிக்கையும் அறுப்புப் பண்டிகை மேல்தான். விளைந்ததில் முதல் பலனை ஆளுக்கு ஆள் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள், ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். குணசீலன் ஒரு கூடை நெருஞ்சிமுள்ளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னவே இது?"

"இந்த வருஷம் என் வயல்ல முதல்ல விளைஞ்சது இதுதான் அண்ணாச்சி. மத்தது ஒண்ணும் விளையவும் இல்ல."

"அப்போ சரிதான்" என்று அருமைநாயகம் அதைப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்தார்.

ஏலம் ஆரம்பித்தது. முதலில் ஒரு கட்டு முருங்கைக்காய். ஒருத்தரும் விலை கேட்கவில்லை. இந்த ஏலம் படுத்துவிட்டால் உபதேசியாருக்குத் திருப்பூர்தான். நாம் ஆரம்பித்துவைத்தால் பின்னாலேயே நாலு பேர் கேட்பார்கள் என்று நினைத்து அவரே, "நூறு ரூபாய்" என்றார்.

தாசையா நூற்றுப் பத்து சொல்ல வாயெடுத்தார். குணசீலன் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

"யாருக்காகவே இந்த ஏலம்? உபதேசியாருக்காக. அவரு ஆசைப்பட்டதை அவருக்கே போட்டியா நின்னு கேப்பீரா? நீரு மனுஷனா?"

தாசையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லார் முன்னாலும் உபதேசியாரிடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். முருங்கைக்காய் உபதேசியாருக்கு.

அடுத்தது சேவல். தொகையைக் கூட்டிச் சொன்னால் யாருக்காவது ரோஷம் வரும் என்று உபதேசியார் ஐந்நூறு என்றார். யாருக்கும் ரோஷம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. "அவருக்குச் சேவல்னா அம்புட்டுப் பிரியம்" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பூசணிக்காயும் அப்படியே அவர் தலையில் விழுந்தது. கடைசியில் நெருஞ்சிமுள் வந்தபோது ஊரே திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது.

அவருக்குப் பொறுமை போய்விட்டது. "ஆயிரம் ரூபாய் தந்தாலும் எனக்கு அந்த முள்ளு வேண்டாம்யா."

"ஆயிரம்" என்றார் அருமைநாயகம். "ஒரு தரம்."

சாயங்காலம் கமிட்டி மூன்று பேரும் உபதேசியார் வீட்டுக்கு வந்தார்கள். அவர் டிரங்குப் பெட்டியில் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். பெட்டி மூடியில் சேவல் உட்கார்ந்திருந்தது.

"ஏலம் இவ்வளவு உசரத்துக்குப் போனதே இல்ல உபதேசியாரே. உங்க சம்பளப் பாக்கி மொத்தமும் தேறிருச்சு" என்றார் அருமைநாயகம்.

"பணம் எங்க?"

"நீங்கதான் தரணும். தந்ததும் அப்படியே எண்ணி உங்க கையில தந்துருவோம்."

"அப்போ அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு. என்னை விட்டுருங்க, காலையில பஸ்."

"கோயில் பாக்கியை வச்சுக்கிட்டு ஊரைவிட்டுப் போறதா? அது நடக்காது. நீங்க போகக் கூடாதுன்னு குருவானவரே சொல்லியிருக்காரு."

அடுப்படியில் நவமணி சிரித்தேவிட்டாள். எழுந்து வந்து பெட்டியிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். உபதேசியாருக்கு அழுகை முட்டியது. ஆனாலும் போகவேண்டாம் என்றதும் மனசு லேசாகிவிட்டதை அவரால் மறைக்க முடியவில்லை.

"கவலையை விடுங்க" என்றார் அருமைநாயகம். "உங்களைக் கடன்ல தவிக்க விட்டுருவோமா? அதை அடைக்க வர்ற ஞாயித்துக்கிழமை இன்னொரு ஏலம் வச்சிருக்கோம்."

"ஏலம் விடப் பொருளுக்கு எங்க போவீங்க?"

"அதுக்குத்தான வந்தோம். ஊருல உள்ள பொருளெல்லாம் உங்க வீட்டுலல்லா இருக்கு."

தாசையா சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அருமைநாயகம் பூசணிக்காயைத் தோளில் ஏற்றினார். முருங்கைக்காய் குழம்பாகிக் கொதித்துக்கொண்டிருந்ததால், பரவாயில்லை, சட்டியோடு ஏலம் விடலாம் என்று அதை அங்கேயே விட்டார்கள். குணசீலன் முள்ளுக் கூடையோடு வாசல்வரை போய்த் திரும்பி நின்றார்.

"நேரத்தோட வந்துருங்க உபதேசியாரே, நீங்க கேட்டாத்தான் ஏலம் சூடு பிடிக்கும். முள்ளை மட்டும் ஆயிரத்துக்குக் குறைச்சுக் கேட்டுராதீங்க. போன தடவை ஒருத்தர் அந்த விலைக்கு எடுத்திருக்காரு, அவரு மனசு சங்கடப்படும்."