பெயர் எழுதாத மெமோ

ஆயுத பூஜை முடிந்து தாலுகா ஆபீஸ் திறந்த அன்று, சந்தனம் குங்குமம் வைத்த கம்ப்யூட்டரைப் போட்டால் நெட் வரவில்லை. தாசில்தார் ஞானவேந்தன் மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டார். வெளியே சாதிச் சான்றிதழுக்கு நாற்பது பேர் வெயிலில் நின்றார்கள்.

ஆபீஸைக் கூட்டிப் பெருக்கும் பவுனம்மாதான் அவர் கண்ணில் பட்டாள்.

"துடைக்கிறேன்னு எந்த ஒயரைப் பிடுங்கின? பதினோரு மணிக்குள்ள நெட் வரணும். இல்லைன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

பத்து வருஷமாக இங்கே எவர் ஃபைலைத் தொலைத்தாலும் பழி அவள் தலையில்தான். அன்றைக்கு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயால சொன்னா போதாதுங்கய்யா. ஒயரைப் பிடுங்கினவங்க இந்த ஜனங்க முன்னாடி மன்னிப்புக் கேக்கணும்னு மெமோ எழுதுங்க. பேருக்கு மட்டும் இடம் விடுங்க, கண்டுபிடிச்சதும் எழுதிக்கலாம்."

"உன் பேருதான் வரப்போகுது" என்றபடியே தாசில்தார் மெமோவை எழுதிக் கையெழுத்துப் போட்டு சீலும் குத்தினார்.

அவர் தலைக்கு மேலே சாமி படத்தில் சீரியல் லைட் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. பவுனம்மா அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டே பீரோவுக்குப் பின்னால் போனாள். நெட் பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் லைட்டின் பிளக் செருகியிருந்தது. மாற்றிச் செருகினாள். லைட் அணைந்தது, நெட் வந்தது.

"பூஜையன்னிக்கு இதைப் பிடுங்கி அதை மாட்டினது நீங்கதானுங்கய்யா. நீங்க லைட்டு கட்ட ஏறின ஸ்டூலைப் பிடிச்சிக்கிட்டு நின்னவ நான்."

மெமோவை அவர் முன்னால் நகர்த்தி, மேலே பேனாவை வைத்தாள்.

"எனக்கு எழுதத் தெரியாதுங்க. பேரை நீங்களே எழுதிடுங்க."